பாதியில் நின்ற பள்ளிக் கட்டடம்: யாரை வைத்து முடிப்பது?

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சிற்றூர். அறக்கட்டளை நடத்தும் உதவி பெறும் பள்ளி. பழைய ஓட்டுக் கட்டடத்தை இடித்துவிட்டு, கீழே ஆறு, மேலே ஆறு என்று 12 வகுப்பறை கட்ட ஆரம்பித்தார்கள். பெரும்பாலும் முன்னாள் மாணவர்கள் கொடுத்த பணம். கீழ்த்தளத்துக்கு ரூஃப் போட்டு, மாடித் தூண்களுக்குக் கம்பி நிறுத்திய நிலையில் கான்ட்ராக்டர் நின்றுவிட்டார். முதலில் மேஸ்திரி வரவில்லை. அப்புறம் ஆட்கள் வரவில்லை. அப்புறம் போனை எடுக்கவில்லை. வேறு ஊர்களில் எடுத்த வேலைக்குப் பில் வராமல், வட்டிக்கு வாங்கி ஓட்டியவர். கடைசியில் மிக்சர் மெஷினைக்கூடக் கடன்காரர் தூக்கிப்போனார் என்று கேள்வி.

14 மாதம் கழித்து என்னைக் கூப்பிட்டார்கள். பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன், சும்மா இருக்கிறவன் என்ற தகுதிதான்.

கமிட்டிக் கூட்டத்தில் ஆளுக்கொரு வழி. தலைமையாசிரியர், "நம்ம ஊர்ப் பையன் சார், கொஞ்சம் கை கொடுத்தா எழுந்துடுவான்" என்றார். செயலாளருக்குப் புது கான்ட்ராக்டர் வேண்டும். பொருளாளர் ஜவுளிக்கடைக்காரர், "பொருளை நாமே வாங்கிப் போட்டு, கூலிக்கு மட்டும் ஆள் விட்டா என்ன?" என்று கேட்டார். பெற்றோர் பக்கம் இருந்து வந்தவர், கையில் இருக்கிற காசுக்குக் கீழ்த்தளத்தை மட்டும் முடித்துத் திறக்கச் சொன்னார். மொத்தமாக இடித்துவிடலாம் என்று மெதுவாகச் சொன்ன ஒருவரும் இருந்தார். அவரை யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆனால் அவர் பேச்சில் விஷயம் இருந்தது.

ஐந்து வழியையும் நான் ஒரு வாரம் பேசவிடவில்லை. முதலில் அளவு எடுக்கணும் என்றேன். யாரை வைத்து முடிப்பது என்பதைவிட, இதுவரை என்ன நடந்திருக்கிறது, அதற்கு எவ்வளவு போயிருக்கிறது என்பது முக்கியம். அது தெரியாமல் எந்த வழியில் போனாலும் அடுத்து வருகிறவர் சொல்வதுதான் கணக்கு.

ஒப்பந்தம் சதுர அடிக் கணக்கு: 8,000 சதுர அடி, அடிக்கு 2,000 ரூபாய், ஆக 1.60 கோடி. அஸ்திவாரத்துக்கு இவ்வளவு, பேஸ்மென்ட்டுக்கு இவ்வளவு, லிண்டலுக்கு, ரூஃபுக்கு என்று கட்டம் கட்டமாகக் கொடுத்திருந்தார்கள். கொடுத்தது 92 லட்சம். பழைய கான்ட்ராக்டருக்குப் பதிவுத் தபாலில் தேதி சொல்லி அழைத்தோம். அவர் வரவில்லை, அண்ணன் வந்தார். கிராம நிர்வாக அலுவலரையும் ஓய்வுபெற்ற ஓவர்சீயர் ஒருவரையும் சாட்சியாக வைத்து, மூன்று நாள் டேப் பிடித்து, எம்-புக் (பொதுப்பணித் துறையின் அளவுப் புத்தகம்) மாதிரி ஒரு நோட்டில் ஐட்டம் ஐட்டமாக எழுதி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்கினோம். நின்ற வேலையின் மதிப்பு 74 லட்சம்.

18 லட்சம் அதிகமாகப் போயிருக்கிறது. யாரும் திருடவில்லை. சதுர அடி ஒப்பந்தத்தில் கட்டத் தவணை எப்போதும் முன்பக்கம் கனமாகத்தான் இருக்கும். பூச்சு, டைல்ஸ், ஜன்னல், எலக்ட்ரிக் என்று செலவு பிடிக்கிற வேலையெல்லாம் கடைசியில் வரும். காசோ ரூஃபோடு முக்கால்வாசி போயிருக்கும். போதாததற்கு, வேலை முடியும்வரை கையில் வைத்திருக்க ஒவ்வொரு பில்லிலும் பிடித்த 5 சதவீதத்தை, வீட்டில் கல்யாணம் என்று அவர் கேட்டதால் நடுவிலேயே கொடுத்துவிட்டார்கள். கல்யாணத்துக்கு நானும் போயிருப்பேன். பணத்தைக் கொடுத்திருக்க மாட்டேன்.

ஒன்று மட்டும் தப்பியது. 8 லட்சத்துக்கு வங்கி உத்தரவாதம் இருந்தது: கான்ட்ராக்டர் வேலையைக் கைவிட்டால் அந்தப் பணத்தை வங்கி நமக்குத் தரும். செயலாளர் பீரோவில் இருந்து எடுத்துக் கொடுத்தபோது காலாவதிக்கு 11 நாள் பாக்கி. உத்தரவாதப் பத்திரத்தில் எந்த வாசகத்தில் கேட்கச் சொல்லியிருக்கிறதோ, அதே வாசகத்தில் கடிதம் எழுதி, பிரான்ச்சில் நேரில் கொடுத்து, சீல் வாங்கினோம். நிபந்தனையற்ற உத்தரவாதத்தை நிறுத்த வேண்டுமானால் மோசடி அல்லது ஈடுகட்ட முடியாத அநீதி என்று நிரூபித்தால்தான் நீதிமன்றம் தலையிடும். சாதாரணத் தகராறுக்கு வங்கி காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் தேதி தாண்டினால் அது வெறும் காகிதம். இதைப் படிக்கிற யாருக்காவது பாதியில் நிற்கிற வேலை இருந்தால், மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம்; முதலில் பீரோவைத் திறந்து அந்தத் தேதியைப் பாருங்கள்.

சட்டப் பக்கத்தில் இன்னொன்று. கான்ட்ராக்டர் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக இருந்தால் கதை வேறு. 2016-ஆம் ஆண்டு திவால் சட்டத்தில் கம்பெனி மீதான மனுவைத் தீர்ப்பாயம் ஏற்றதும் 14-ஆம் பிரிவுத் தடை வரும். கம்பெனி மீது புது வழக்கு போட முடியாது, இருக்கிற வழக்கும் நிற்கும், நம் 18 லட்சத்தைத் தீர்வு அலுவலரிடம் கோரிக்கையாகப் போட்டுவிட்டு வரிசையில் நிற்க வேண்டியதுதான். அப்போதும் வங்கி உத்தரவாதத்தை அந்தத் தடை தொடாது. நம் ஊர் கான்ட்ராக்டர்களில் முக்கால்வாசி தனிநபர், இல்லாவிட்டால் பார்ட்னர்ஷிப். அவர்களுக்கு அந்தத் தீர்ப்பாய நடைமுறை இல்லை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் சிவில் கோர்ட்டும்தான். எங்கள் ஆள் தனிநபர். அதனால் நோட்டீஸில் "திவாலாகிவிட்டீர்" என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. இன்ன தேதியில் இருந்து வேலை நின்றது, இத்தனை கடிதத்துக்குப் பதில் இல்லை, 15 நாளில் தொடங்காவிட்டால் ஒப்பந்தம் முடிகிறது என்று மட்டும் எழுதினோம்.

நிற்கிற கட்டடம் நிற்குமா?

இடிக்கலாம் என்றவரை மறந்துவிடவில்லை. மாடியில் தூண் கம்பிகள் 14 மாதம் வெயிலிலும் மழையிலும் நின்றிருக்கின்றன. தலைப்பக்கம் லேசான துரு. அது கம்பி பிரஷ் போட்டால் போய்விடும். அடிப்பக்கம்தான் வில்லங்கம். ரூஃப் வாட்டம் சரியில்லாமல் ஐந்து தூண்களின் காலடியில் தண்ணீர் தேங்கி, துரு அப்பளம் மாதிரி பெயர்ந்து வந்தது. அதில் மோசமான ஒரு 16 மில்லிமீட்டர் கம்பியை ஒரு மீட்டர் வெட்டி, நன்றாகத் தேய்த்து, எதிர் மளிகைக் கடைத் தராசில் வைத்தோம். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டர் எடை. கம்பி கட்டுகிற பையனுக்கும் தெரிந்த கணக்கு. 1.58 கிலோ வர வேண்டும். வந்தது 1.43. ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கம்பி காற்றில் போய்விட்டது. பொருளாளர் அந்தத் துண்டை வாங்கிக் கையில் உருட்டிப் பார்த்தார். அதன் பிறகு "அப்படியே மேலே கட்டிடலாம்" என்று ஒருவரும் சொல்லவில்லை.

கான்கிரீட்டுக்குத் தூண்களில் மூன்று கோர், அதாவது துளைபோட்டு எடுக்கிற உருளைத் துண்டு, எடுத்தோம். எம்-25, அதாவது சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் வலிமை, என்று வரைபடம் சொல்கிறது. ஐ.எஸ். 456 விதிப்படி கோர்களின் சராசரி அதில் 85 சதவீதம், அதாவது 21.25 வர வேண்டும். தனி ஒன்றும் 75 சதவீதமான 18.75-க்குக் கீழே போகக் கூடாது. வந்தவை 24, 22, 19.5. பாஸ், ஆனால் மாலை போடுகிற மாதிரி பாஸ் இல்லை. ரூஃபில் கசிவுக் கறை இருந்த ஒரு வகுப்பறைக்குச் சுமைச் சோதனையும் வைத்தோம். வகுப்பறைத் தளத்துக்கு ஏற்ற வேண்டிய பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு 3 கிலோ நியூட்டன். சோதனையில் அதில் ஒன்றேகால் மடங்கு. 20-க்கு 20 அடி அறைக்கு அது 14 டன்னுக்கு மேல். இன்னும் போடாத தரைப்பூச்சின் எடை அதோடு சேரும். பதினோராம் வகுப்புப் பையன்கள் மணல் மூட்டை தூக்குகிறோம் என்று வந்தார்கள், விரட்டிவிட்டேன். 24 மணி நேரம் வைத்து, இறக்கி, அடுத்த 24 மணி நேரத்தில் தொய்வில் 75 சதவீதமாவது திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். திரும்பியது.

இதற்கெல்லாம் செலவு ஏன் என்று கேட்டார்கள். இங்கிலாந்தில் காலிடோனியன் மாடுலர் என்று ஒரு கம்பெனி, தொழிற்சாலையில் அறைகளைச் செய்து கொண்டுவந்து அடுக்கிப் பள்ளி கட்டியது. 2022-இல் அது கவிழ்ந்தது. அது கட்டிய பள்ளிகளைச் சோதித்தபோது, பலத்த காற்றோ வண்டி மோதலோ வந்தால் தாங்காது என்று தெரிந்து, 2023 ஆகஸ்டில் மூன்று பள்ளிக் கட்டடங்களை மூடினார்கள். ஹார்லோ ஊரில் இருந்த ஒன்று திறந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அதை இடிப்பது என்று முடிவானது. பணக்கஷ்டத்தில் இருக்கிற கான்ட்ராக்டர் கடைசி மாதங்களில் எங்கே கை வைப்பார்? மறைகிற இடத்தில்தான்: கம்பி இடைவெளியில், சிமென்ட் மூட்டையில், க்யூரிங்கில். கடைசியாகப் போட்ட கான்கிரீட்டை முதலில் சோதிக்க வேண்டும் என்பது என் வழக்கம்.

பள்ளியைத் திறக்கத் தாசில்தாரிடம் கட்டட உரிமம் வாங்கணும், தீயணைப்பு, சுகாதாரச் சான்றுகளும் வேண்டும். கட்டட உறுதிச் சான்றில் ஒரு பொறியாளர் கையெழுத்துப் போடணும். அடுத்தவர் போட்ட கான்கிரீட்டுக்குச் சோதனை இல்லாமல் எவர் போடுவார்? 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் போனார்கள். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று பையன்கள். இந்தப் பக்கத்தில் பள்ளிக்குக் கையெழுத்துப் போடுகிறவன் கை கொஞ்சம் நடுங்கத்தான் வேண்டும்.

சரி, யார்?

பழைய ஆளையே எழுப்பி விடுவது கேவலமான யோசனை இல்லை. வரைபடம் அவருக்குத் தெரியும், ரேட் பழைய ரேட், கோர்ட் கச்சேரி கிடையாது. முடிந்த வேலை ஐந்தில் நான்கு பங்காகவும், சிக்கல் ஒரு பில் தாமதம் மட்டுமாகவும் இருந்தால் நானே அதைத்தான் சொல்வேன்: காசை அவர் கையில் கொடுக்காமல் கம்பிக் கடைக்கும் சிமென்ட் கடைக்கும் நேராகக் கட்டி, கூலியை வாராவாரம் அளந்து கொடுத்து, துணை ஒப்பந்தம் எழுதி ஓட்டிவிடலாம். இங்கே பாதிக்கு மேல் வேலை பாக்கி. அவர் தலைக்கு மேல் வேறு கடன். நம் சைட்டில் இறங்குகிற கம்பி வண்டியை வேறு ஊர்க் கடன்காரர் வந்து மறிப்பார். தலைமையாசிரியரிடம் இதைச் சொன்னபோது, "என்னிடம் படிச்சவன் சார்" என்றார். அந்தப் பாசத்துக்கு என்னிடம் பதில் இல்லை. தன் யோசனையை அவரே திரும்ப எடுத்துக்கொண்டார்.

பொருளை நாமே வாங்கிக் கூலிக்கு ஆள் விடுவது, அதாவது லேபர் கான்ட்ராக்ட், பார்க்க மலிவு. கான்ட்ராக்டர் லாபம் மிச்சம்; சிமென்ட் மீதான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பரில் 28-இல் இருந்து 18 சதவீதமாக இறங்கியதும் பொருளாளருக்குத் தெம்பு. ஜவுளிக்கடைக்காரருக்குக் கொள்முதல் கை வந்த கலை என்பதிலும் சந்தேகமில்லை. ஆனால் காலை ஏழு மணிக்கு லோடு எண்ண, சாயங்காலம் மிச்ச மூட்டையை எண்ண, ஒரு ஆள் முழு நேரம் சைட்டில் இருக்கணும். ஷெட்டில் பழைய ஆள் விட்டுப்போன 38 மூட்டை சிமென்ட் இருந்தது. மூன்று மாதத்துக்கு மேல் ஆன மூட்டையைச் சோதிக்காமல் சேர்க்கக் கூடாது. இது 14 மாதம், பாதி கல்லாகவே இருந்தது. "சலிச்சுப் பூச்சுக்குப் போட்டுக்கலாமே" என்று பொருளாளர் கேட்டார். லேபர் கான்ட்ராக்டில் இந்தக் கேள்வி தினமும் வரும், "கூடாது" என்று சொல்ல ஆள் இருக்காது. ஸ்லாபில் தப்பு நடந்தால் மேஸ்திரி கலவையைச் சொல்வார், கமிட்டி மேஸ்திரியைச் சொல்லும். அதனால் கான்கிரீட்டுக்கு இந்த முறை வேண்டாம். பூச்சு, டைல்ஸ், பெயின்ட் தாராளமாகச் செய்யலாம். அங்கே தப்பு கண்ணுக்குத் தெரியும், திருத்தவும் முடியும்.

புது கான்ட்ராக்டர் என்றால் ரேட் ஏறும். தெரியாத வேலையில் கால் வைக்கிறவர் பயத்துக்கும் சேர்த்துத்தான் விலை போடுவார். அளவு நோட்டும் சோதனை அறிக்கையும் இல்லாத நேரத்தில் செயலாளர் கேட்டு வைத்திருந்த கொட்டேஷன் மீதி வேலைக்கு 1.20 கோடி. இரண்டையும் கையில் கொடுத்து, சதுர அடிக்கு இல்லாமல் ஐட்டம் வாரியாகக் கேட்டபோது மூன்று பேரில் குறைந்தது 99 லட்சம். பழைய ரேட்டில் அதே வேலை 86. "பழைய கான்கிரீட்டுக்கு நான் பொறுப்பில்லை" என்று மூவரும் எழுதித்தான் கொடுத்தார்கள், நியாயம்தான். எங்கே பழையது முடிந்து புதியது ஆரம்பிக்கிறது என்பதைத் தூண் தூணாகப் பெயின்ட் கோடு போட்டுப் படம் எடுத்து ஒப்பந்தத்தோடு தைத்துக்கொண்டோம்.

இனி காசு. கையில் 68, வங்கி உத்தரவாதம் 8, ஆக 76 லட்சம். 99-க்கு 23 குறைகிறது. இங்கேதான் கீழ்த்தளத்தை மட்டும் முடிப்போம் என்ற யோசனை எல்லோருக்கும் இனித்தது. கீழ்த்தளப் பூச்சு வேலைகளுக்கு 41 லட்சம், மாடித் தூணும் ரூஃபும் 30, மாடி அறைகளின் பூச்சு வேலை 28. கீழே முடித்து ஜூனில் திறந்துவிட்டு, மிச்சத்தைக் காசு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். கூட்டத்தில் நான் ஒருவன்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

காரணம் இரண்டு. திறந்த பிறகு மாடியில் ரூஃப் போடுவது என்றால், கீழே பிள்ளைகள் உட்கார்ந்திருக்க மேலே சென்ட்ரிங் ஏறும். ஜாக்கி, பலகை, கம்பி, ஜல்லி எல்லாம் தலைக்கு மேல். எந்த வலை கட்டினாலும் நான் சம்மதிக்க மாட்டேன். அதைவிட, மாடித் தூண்களுக்கு நிறுத்திய அந்தக் கம்பிகள் இன்னொரு மழைக்காலம் வெளியே நின்றால் ஐந்து தூண் பதினைந்தாகும். சிமென்ட் பால் அடித்து மூடி வைக்கலாம். அது ஒரு வருடத்துக்குத் தாங்கும் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. ஆகவே வரிசையைத் திருப்பினோம்: முதலில் மாடித் தூணும் ரூஃபும், அப்புறம் கீழ்த்தளப் பூச்சு. 30 + 41 = 71. மிச்சம் 5 லட்சம் சோதனைக்கும், ஐந்து தூண்களில் துளையிட்டு எபாக்சிப் பசை வைத்துப் புதுக் கம்பி நடுவதற்கும். மாடிப் பூச்சுக்கான 28 லட்சத்தை ஆறு அறைக்கும் பிரித்தால் அறைக்கு ஏறக்குறைய 4.70 லட்சம். முன்னாள் மாணவர்களிடம் "23 லட்சம் குறைகிறது" என்று கேட்டபோது எல்லோரும் கான்ட்ராக்டரைத் திட்டினார்கள். "ஓர் அறை 4.70" என்று கேட்டபோது 1994-ஆம் வருட செட் ஒன்று, சிங்கப்பூரில் இருக்கிற ஒருவர் ஒன்று என்று இரண்டு அறைக்கு அந்த வாரமே ஆள் வந்தது. மாடிப் பூச்சு வேலை லேபர் கான்ட்ராக்டில், லீவு நாட்களில் மட்டும், பொருளாளர் பொறுப்பில்.

அப்படிப் பார்த்தால் நாங்கள் எடுத்தது கூட்டத்தில் வந்த எந்த யோசனையும் முழுசாக இல்லை. கான்கிரீட்டுக்குப் புது கான்ட்ராக்டர், பூச்சுக்குப் பாதி அவர் பாதி நாமே. வேறு பள்ளிக்கு இது பொருந்தணும் என்றில்லை. ரூஃப் எல்லாம் முடிந்து நிற்கிற கட்டடத்துக்குப் புது கான்ட்ராக்டர் தேவையே இருக்காது. கோர் சோதனையில் தோற்றிருந்தால் 74 லட்சத்தையும் மறந்துவிட்டு இடிக்கத்தான் சொல்லியிருப்பேன்; அன்றைக்கு என்னை ஊருக்குள் விட்டிருக்க மாட்டார்கள்.

மாசியில் மாடித் தூண் ஏறியது. ரூஃப் போட்டு, உத்தரத்துக்கு அடியில் முட்டு 21 நாள் நின்ற பிறகுதான் பிரிக்க விட்டேன். அதற்கு முன்பே செய்ய வேண்டியிருந்த ஒன்று, பழைய ஆள் விட்டுப்போன சென்ட்ரிங் சாமான். அது வாடகைக் கடைக்காரருடையது. 14 மாத வாடகை பாக்கி என்று ஒரு நாள் டெம்போவோடு வந்து நின்றார். அவருக்கும் பள்ளிக்கும் ஒப்பந்தம் இல்லை, வாடகை கொடுக்க மாட்டோம், சாமானை எண்ணி எடுத்துக்கொள்ளலாம் என்றோம். எண்ணினால் 312 ஷீட். அவர் நோட்டில் 340. மீதி 28 ஷீட்டைக் கேட்டு வெள்ளிக்கிழமைதோறும் போன் பண்ணுகிறார். நான் செயலாளர் நம்பரைக் கொடுத்துவிட்டேன்.